கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் நடத்திய அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் கிளை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பக்கத்து டிப்போ தோழர்களே, எத்தனை முறை கழுவினாலும் கிரீஸ் போகாத கைகளோடு அமர்ந்திருக்கும் என் பணிமனைச் சகோதரர்களே! தலைமை மெக்கானிக் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்துவிட்டேன். நிமிரத்தான் முடியவில்லை.

சற்று முன் அம்மையாரின் படத்தை இந்த மேஜையில் வைத்தபோது, பின்வரிசையில் ஒருவர், "இவங்கதானா அவங்க?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் மனதுக்குள் கேட்டதை அவர் வாய்விட்டுக் கேட்டார். எங்கள் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் முகத்தை எங்களில் பலர், அவர் படமான பிறகுதான் பார்க்கிறோம்! இதைவிட ஒரு தலைகுனிவு உண்டா?

ஊரடங்கு நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். பேருந்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த நேரம் பார்த்து நிர்வாகம் டீசல் வண்டிகளைக் கழித்துக்கட்டி, பேட்டரி வண்டிகளை வாங்கியது. போனில் வீடியோ வழியாக நேரலையில் நடக்கும் வகுப்பில் சேர்ந்து தேறியவருக்குத்தான் டிப்போ திறந்ததும் வேலை என்று அறிவித்தது. அப்போது எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர்தான் மின்பொறிப் பயிற்றுநர் அம்மையார். தன் வீட்டுச் சமையலறை மேஜையில் வயரையும் மீட்டரையும் பரப்பி வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? மேலாளர் ஐயா மன்னிக்க வேண்டும். ஒருவர் வந்து நாலு பேருக்கு வருகை போடுவது எங்கள் பணிமனையின் பழைய பழக்கம். அதை வகுப்புக்கும் கொண்டுபோனோம். குடியிருப்பில் எங்கள் மிமிக்ரித் தோழர் 'பலகுரல்' வீட்டுக் கட்டிலில் ஐந்து போன்களை வரிசையாக அடுக்கினோம், கேமராவை அணைத்தோம். அம்மையாரின் திரையில் எங்கள் முகங்களுக்குப் பதில் வெறும் கறுப்புக் கட்டங்கள். அம்மையார் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, பலகுரல் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு குரலில், "இருக்கேன் மேடம்", "வந்துட்டேன் மேடம்" என்றார். என் பெயருக்கு மட்டும் இருமலையும் சேர்த்துக்கொள்வார்! மற்ற வீடுகளிலும் இதே கூத்துதான். சிலர் மூட்டை தூக்கப் போனோம், அது வயிற்றுப்பாடு. சிலர் கேரம் ஆடினோம். அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஒருநாள் அம்மையார் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "அஞ்சு வீட்லயும் ஒரே ஃபேன் கீச்சு கீச்சுன்னு கத்துதே, யாராவது அதுக்கு எண்ணெய் விடக் கூடாதா?" என்றார். பலகுரல் பாய்ந்து ஃபேனை அணைத்தார், ஐந்து வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றது! அம்மையார் மேலிடத்தில் புகார் செய்தாரா? இல்லை! வருகையை அடித்தாரா? இல்லை! "சரி, இருக்கறவராவது நல்லா கேளுங்க" என்று பாடத்தைத் தொடர்ந்தார். போனில் எங்கள் குரலைத் திறக்கச் சொல்லி ஓயாமல் "மியூட்டை எடுங்க" என்ற அவருக்குத்தான் 'மியூட் மேடம்' என்று பட்டம் வைத்துச் சிரித்தோம்.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "முகம் காட்ட வேணாம், கையை மட்டும் காட்டுங்க. மோதிரம், காப்பு எல்லாம் கழட்டியிருக்கீங்களான்னு நான் பார்க்கணும்." டீசல் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்லும் கைகள் எங்களுடையவை. பேட்டரி வண்டியில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு வயரில் அதே கையை வைத்தால் ஆள் மிஞ்ச மாட்டான். அவருக்கு இருந்த பயம் அதுதான். அந்தக் கைகளைக்கூட நாங்கள் காட்டவில்லை.

காட்டாதவர்களை அவர் விட்டாரா? ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்தார். "தொல்லை" என்றோம். எனக்கு அழைப்பு வந்தபோது வெங்காய லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். "ஆரஞ்சு வயர் முன்னாடி நிக்கிறீங்க. முதல்ல என்ன செய்வீங்க?" என்றார். "தொட்டுப் பார்ப்பேன் மேடம்." "போச்சு போங்க! வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட போனைக் குடுங்க." அன்றிலிருந்து என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அணைக்கணும், காத்திருக்கணும், அளந்து பார்க்கணும், அப்புறம்தான் தொடணும். சொல்லுங்க, சோறு போடறேன்" என்பாள். உயிரோடு இங்கே நின்று பேசுகிறேன் என்றால் அந்தச் சோற்றின் புண்ணியம். அந்த அழைப்புகளில் ஆளுக்குக் கொஞ்சம் படித்தே தேர்விலும் தேறினோம். நன்றி சொன்னோமா?

டிப்போ திறந்த பிறகு ஒருமுறை, எங்களில் சிலர் மட்டுமே வேலையில் இருந்த நாளில், எங்களைப் பார்க்க அவரே வந்தார். வாசலில் நின்றவரிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "கம்ப்ளெயிண்ட்டுன்னா மெயின் ஆபீஸுக்குப் போங்கம்மா." அவர் சிரித்துவிட்டு, "மியூட்டை எடுங்கன்னு சொன்னாத்தான் தெரியும் போல" என்றார். குரலைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நேராக என் விரல்களைப் பார்த்தார். மோதிரம் இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இன்று என்னைக் குத்துகிறது.

பக்கத்து டிப்போ தோழர்களே, உங்களுக்கான வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மையார் போய்விட்டார். நோய் அவருக்கு அவகாசம் தரவில்லை. வகுப்பு முடியாவிட்டால் உங்கள் வேலை போகும். புதிய பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. மீதிப் பாடத்தை நாங்கள் எடுக்கிறோம்! மேலாளர் ஐயா அனுமதி தந்துவிட்டார். எங்களில் யாருக்கும் முழுப் பாடமும் தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். அதை ஒட்டவைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்து, திங்கட்கிழமை தொடங்குகிறோம். தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடியுங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

அம்மையாரின் கணவர் அவர்களே, துக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாததுதான். ஆனாலும் சொல்லாமல் இறங்கினால் எனக்கு ஆறாது. இன்று உள்ளே வரும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கிளாஸ்லேர்ந்து ஒருத்தர்கூட எழுந்து போனதில்லன்னு பெருமையா சொல்லுவா. அது நீங்கதானே?" என்று கேட்டீர்கள். "ஆமாங்க" என்றேன். அது பொய், ஐயா. எங்கள் மானத்தை உங்கள் வீட்டிலும் அவர் காப்பாற்றியிருக்கிறார்.

திங்கட்கிழமை நீங்களும் வந்து எங்களோடு உட்காருங்கள். வகுப்பு முடிந்ததும் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள், ஐயா. அப்போது நிமிர்ந்து பதில் சொல்கிறேன்.