சிவலோகப் பதவிக்கு ஆதாரம்

— மலைக்கு அந்த 'ளை' இல்லைங்க. ஊருக்கே பேர் குடுத்த மலை. அதையே தப்பா அடிச்சா எப்படி?

— இன்னா இப்போ? 'கிரிவலப் பாதையில் குப்பை மளை'. படிக்கறவனுக்குப் புரிஞ்சா போதாதா?

— புரியும். சிரிப்பான்.

— சரி, மாத்திட்டேன். எம்.ஏ. தமிழைக் கட்டிக்கிட்டா இதான். தா பாரு அருணா, வெளிய அந்த ஊர்லைன் கம்பெனிக்காரன் என் கழுத்தை நெரிக்கறான். வீட்டுக்குள்ள நீ.

— அவன் சும்மாவா நெரிக்கறான்? உயிரோட இருக்கற சின்னசாமியைக் காலமானார்னு போட்டீங்க.

— அது பேர்க் குழப்பம்! போனது செங்கம் ரோடு சின்னசாமி. நான் வேங்கிக்கால் சின்னசாமி போட்டோவைப் போட்டுட்டேன். வீட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டேன் இல்ல? அதுக்கு ஊர்லைன் ஆப்ல என் பேஜ் தலையில 'கண்காணிப்பில் உள்ளது'னு மஞ்சப் பட்டை. லாட்ஜ் கழிவுத்தண்ணி வீடியோ போட்டா மூடி வெக்கறான். 'அருவருப்பூட்டும் காட்சி'யாம். அந்தத் தண்ணி ரோட்ல ஓடினா அருவருப்பு இல்ல, 'மலையடி செய்திகள்'ல ஓடினா அருவருப்பு! இது ஜனநாயகமா?

— இல்லைதான். பேசிக்கிட்டே கையில இன்னா பண்றீங்க?

— லாட்ஜ் ஓனரோட தம்பி கமெண்ட் போட்டிருக்கான். அழிச்சிட்டு அவனை பிளாக் பண்றேன்.

— இன்னா போட்டிருக்கான்?

— காசு வாங்கிட்டு எழுதறேனாம்.

— வாங்கினீங்களா?

— அடியே!

— இல்லைல்ல. அப்போ இல்லைனு பதில் போடுங்க. எதுக்கு அழிக்கறீங்க?

— இது என் பேஜ். என் வீடு மாதிரி. செருப்புக் காலோட உள்ள வந்தா வெளிய தள்ளுவேன்.

— ஊர்லைன்காரனும் அதைத்தான் சொல்றான், என் வீடுன்னு.

— அவன் கம்பெனிடி. நான் பத்திரிகைக்காரன்.

— சரிங்க. ஜனநாயகம் இட்லி சாப்பிடுமா? ஆறுது.

— முருகவேல் கேமராவோட வந்துட்டான், வண்டிச் சத்தம் கேக்குது. அடி அண்ணாமலை வரைக்கும் போயி பௌர்ணமிக் குப்பையைக் காட்டிட்டு வந்துடறேன். ரெண்டு இட்லி மூடி வை. ஆர்த்தி பேசினா, வேலூர் வெயில்ல சுத்தாதன்னு அப்பா சொன்னதா சொல்லு.

— நீங்க மட்டும் சுத்துங்க. தொப்பியாவது எடுத்துக்குங்க.

— தொப்பி போட்டா கேமராவுல மூஞ்சி தெரியாது.

*

— அண்ணி, ஐஸ் பெட்டிக்கு பிளக் மாட்டிட்டாங்க. அண்ணனைப் படுக்க வெச்சாச்சு. நீங்க கொஞ்சம் உக்காருங்க.

— உக்காந்துதான் இருக்கேன் முருகவேல். கடைசியா இன்னா பேசினாரு?

— குப்பைக்கு முன்னால நின்னுக்கிட்டு, 'மக்களே, இதுக்கு யார் பொறுப்பு'னு கேட்டாரு. நெஞ்சைப் புடிச்சாரு. வீடியோவுக்காக பண்றாருனு நினைச்சேன் அண்ணி. டோட்டலா அப்படித்தான் நினைச்சேன். எடுத்துக்கிட்டே இருந்தேன்.

— அழாத. தெரிஞ்சதும் தூக்கிக்கிட்டுத்தான் ஓடின. ஆஸ்பத்திரியில அவங்களாலயே ஒண்ணும் பண்ண முடியல.

— ஆர்த்திக்கு சொல்லிட்டீங்களா?

— அப்பாவுக்கு கொஞ்சம் முடியல, கெளம்பி வான்னேன். அவ்வளவுதான். அவ வந்ததும் நாலு மணிக்கு ஈசான்யம் சுடுகாட்டுக்கு எடுக்கணும்னு சொல்றாங்க. வாசல்ல யாரு இருக்கா?

— எதிர்வீட்டுக்காரங்க. அப்புறம் பந்தல்காரரு. அவரு பந்தல் போட வந்தவரு.

— இந்த ஊர்ல யார் செத்தாலும் முதல்ல அவர் பேஜ்லதான் வரும். அதைப் பாத்துட்டுதான் மாலை வாங்கவே போவாங்க. அவரோடது ஏன் இன்னும் வரல?

— மூணு தடவை போட்டேன் அண்ணி. மூணையும் தூக்கிட்டான். ஊர்லைன் உதவி நம்பருக்கு அடிச்சிருக்கேன். எடுத்துட்டாங்க, இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

— வணக்கம், ஊர்லைன் உதவி மையம், பேசுவது அபிநயா. உங்கள் பொறுமைக்கு நன்றி.

— இன்னும் பொறுமையா இருக்கவே ஆரம்பிக்கலம்மா. 'மலையடி செய்திகள்' பேஜ். அதை நடத்தின வல்லரசு என் வீட்டுக்காரரு. காலையில இறந்துட்டாரு. அந்தச் செய்தியை ஏன் எடுத்தீங்க?

— உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம் மேம். பாக்கறேன். முதல் பதிவு, 'ஆசிரியர் வல்லரசு இன்று சிவலோகப் பதவி அடைந்தார்.' இது போலி வேலைவாய்ப்புப் பிரிவுல வருது மேம்.

— இன்னாது?

— பதவி கிடைச்சதா சொல்றீங்க. நியமன ஆணை இணைக்கல.

— சிவலோகத்துக்கு நியமன ஆணையா?

— எனக்குப் புரியுது மேம். எங்க பெரியப்பாவுக்கும் அப்படித்தான் நோட்டீஸ் அடிச்சோம். ஆனா 'பதவி'னு பாத்தாலே சிஸ்டம் ஆதாரம் கேக்கும். எந்தத் துறைனு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பினா மேல அனுப்பலாம்.

— அழித்தல் துறை. உங்க கம்பெனி பாக்கற வேலைதான்.

— அண்ணி!

— ரெண்டாவதை சொல்லும்மா.

— 'இயற்கை எய்தினார்.' இது ஆயுதம், வனப் பாதுகாப்பு. இயற்கை மேல அம்பு எய்ததா சிஸ்டம் எடுத்துக்குது.

— அம்புன்னா எய்தார். இது எய்தினார், அடைஞ்சார்னு அர்த்தம். உங்க சிஸ்டத்துக்கு யார் தமிழ் சொல்லிக் குடுத்தது?

— அது தானாவே கத்துக்கிச்சு மேம்.

— தெரியுது.

— மூணாவது, 'மறைந்தார்.' காணாமல் போனவர்கள் பிரிவு. போலீஸ் புகார் எண் வேணும்.

— ஏங்க, அவரு எங்க காணாமப் போனாரு? டோட்டலா இங்கயேதான் இருக்காரு!

— அப்படின்னா மறைந்தார்ங்கறது தவறான தகவல் ஆயிடுது சார்.

— முருகவேல், நீ சும்மா இரு. ஏம்மா, காலமானார்னு போட்டா?

— அந்த வார்த்தையை உங்க பேஜ் உயிரோட இருக்கற ஒருத்தருக்குப் பயன்படுத்தியிருக்கு மேம். அதனால உங்க பேஜுக்கு மட்டும் அதை ஒரு வருஷம் நிறுத்தி வெச்சிருக்காங்க.

— அப்போ இந்த வீட்ல ஒரு வருஷத்துக்கு யாரும் காலமாகக் கூடாது.

— வேற ஏதாவது உதவி தேவையா மேம்?

— நீ வெச்சிடும்மா. முருகவேல், அலங்காரமே வேணாம். நான் சொல்றதை அடி. 'எங்க வல்லரசு செத்துட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறோம். வாங்க.'

— செத்துட்டாருனேவா அண்ணி?

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவருக்குப் பிழை திருத்தறேன். இதுல பிழை இல்லை. போடு.

— போட்டுட்டேன். போகுது... அண்ணி, போயிடுச்சு! நிக்குது!

*

— அண்ணி, மறுபடியும் வேலையைக் காட்டிட்டான். செய்தியை எடுக்கல. ஆனா மேல சிவப்புல 'பொய்ச் செய்தி'னு முத்திரை குத்திட்டான். யாருக்கும் அனுப்ப முடியல.

— கீழ இன்னா எழுதியிருக்காங்க?

— வேணாம் அண்ணி.

— படி.

— 'லைக் வாங்க செத்துக் காட்டுவியா'னு ஒருத்தன். 'காலையில குப்பை, இப்போ சாவு, அடுத்து இன்னா'னு ஒருத்தன். அழிச்சிடட்டா?

— இருக்கட்டும். முத்திரை எப்படி விழுந்துச்சாம்?

— யாரோ ஒருத்தர் புகார் குடுத்திருக்காங்க. ஒரே ஒருத்தர். லாட்ஜ்காரன் தம்பிதான் அண்ணி. டோட்டலா அவன்தான்.

— திரும்ப அந்தப் பொண்ணைக் கூப்பிடு.

— வணக்கம், ஊர்லைன் உதவி மையம், பேசுவது அபிநயா. உங்கள் பொறு—

— நான்தாம்மா.

— சொல்லுங்க மேம்.

— புகார் குடுத்தது யாரு?

— அது ரகசியம் மேம். கண்காணிப்புல இருக்கற பேஜுக்கு ஒரு புகார் போதும், முத்திரை விழும். எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, புகார் குடுத்தவங்களே வாபஸ் வாங்கணும். கேட்டு மெசேஜ் அனுப்பறோம். இன்னொண்ணு, பேஜ் உரிமையாளர் கேமரா முன்னால முகத்தைக் காட்டி செய்தி உண்மைதான்னு உறுதி செய்யணும்.

— எப்படி உறுதி செய்யணும்?

— கண்ணை ரெண்டு தடவை சிமிட்டணும். தலையை இடது பக்கம் திருப்பணும். அப்புறம் லேசா புன்னகை பண்ணணும் மேம்.

— அபிநயா.

— மேம்.

— இப்போ சொன்னதை நீயே ஒரு தடவை உனக்குள்ள சொல்லிப் பாரு.

— ...எழுதிக் குடுத்ததைத்தான் படிக்கறேன் மேம். நாங்க பேசறதை மேல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருப்பாரு. வேற பேசினா மார்க் கம்மி ஆயிடும்.

— உன் தலையிலயும் மஞ்சப் பட்டையா. சரிம்மா, வெச்சிடு.

— மேம், எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இது எழுதிக் குடுத்தது இல்ல. நானா சொல்றேன்.

— அண்ணி, ஒரு யோசனை. போனைக் கொண்டுபோயி அண்ணன் முகத்துக்கு நேரா காட்டி—

— உதை வாங்குவ.

— யம்மா, உள்ள வரலாமா? நான் சின்னசாமி.

— எந்தச் சின்னசாமிங்க?

— உயிரோட இருக்கற சின்னசாமிம்மா. வேங்கிக்கால். உங்க வீட்டுக்காரர் சாகடிச்சாரே.

— வாங்கய்யா. உக்காருங்க.

— மனசு கேக்கல. போன்ல பாத்தேன், வல்லரசு செத்துட்டாருனு. மேலயே பொய்னு சிவப்பா போட்டிருந்துச்சு. உடனே மாலையை வாங்கிக்கிட்டு கெளம்பிட்டேன்.

— பொய்னு போட்டிருந்தா ஏன் சார் மாலை வாங்கினீங்க?

— நைனா, நான் செத்துட்டேன்னு வந்தப்போ அது மேல ஒரு கீறல் உண்டா? ரெண்டு நாள் சுத்தமா, உண்மையா ஓடிச்சு. எங்க சம்பந்தியம்மா தெருமுனையிலயே மாரடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க, நான் உக்காந்து காபி குடிக்கறேன். எடுங்கடானு அதே கம்பெனிக்கு எழுதினா, உயிரோட இருக்கறதுக்கு சான்று கேட்டான். பென்ஷனுக்கு குடுத்த சான்றை அனுப்பினேன். 'இது போன வருஷம் உயிரோடு இருந்ததற்கு'னு திருப்பி அனுப்பிட்டான். கடைசியில இந்த மனுஷன்தான் வந்து என் கையைப் புடிச்சு மன்னிப்பு கேட்டு, அவரே எடுத்தாரு. அன்னிக்கே முடிவு பண்ணேன். அவன் உண்மைன்னா பொய், பொய்ன்னா உண்மை.

— அப்போ எதையுமே தடுக்கக் கூடாதுங்கறீங்களா?

— என்னைச் சாகடிச்சதைத் தடுத்திருக்கணும். இவர் சாவைத் தடுத்திருக்கக் கூடாது. இதுக்கு ஒரு கம்பெனி வேணுமா நைனா? தெருவுல எந்தக் கெழவனைக் கேட்டாலும் சொல்லுவான். எட்டிப் பாரு, எல்லாரும் என்னை மாதிரியே கணக்குப் போட்டுத்தான் வராங்க.

— அண்ணி! டோட்டலா தெரு முனை வரைக்கும் வண்டி நிக்குது! அய்யோ, லாட்ஜ்காரன் தம்பியும் நிக்கறான். இருங்க, வரேன்.

— யம்மா, இந்த நைனா போயி அவன் சட்டையைப் புடிக்கறான் பாரு.

— முருகவேல்! உள்ள வா. இன்னா சொல்றான் அவன்?

— அவன் இல்லையாம் அண்ணி. 'காலையிலயே உங்க அண்ணன் என்னை பிளாக் பண்ணிட்டாரு, நான் எங்கடா புகார் குடுக்கறது? ஆழ்ந்த இரங்கல்னு ஒரு வரி கூட போட முடியாமதான் நேர்ல வந்து நிக்கறேன்'ங்கறான்.

— அவனுக்கு ஒரு நாற்காலி போடு.

— அண்ணி, கூட்டம்தான் வந்துடுச்சே. அந்த முத்திரை கெடக்கட்டும், விடுங்க.

— விட மாட்டேன். குப்பை உண்மை. கழிவுத்தண்ணி உண்மை. சின்னசாமி அய்யா விஷயம் ஒண்ணுலதான் தவறிட்டாரு. கடைசிச் செய்தி பொய்னு நின்னா, நாளைக்கு எல்லாத்தையும் பொய்னு சொல்லிடுவாங்க. அதை எடுத்தப்புறம்தான் இவரை இந்த வீட்ல இருந்து எடுக்க விடுவேன்.

— யம்மா, ஆட்டோ வந்து நிக்குது. உங்க பொண்ணா பாரு.

— ஆர்த்தி... வாம்மா. வா. அப்பாவைப் பாத்தியா?

— பாத்தேன். ஏம்மா எங்கிட்ட முடியலன்னு சொன்ன?

— தனியா பஸ்ல வருவியேன்னுதான். யார் சொன்னா உனக்கு?

— அப்பா பேஜ்.

— அய்யோ.

— கண்ணமங்கலம் தாண்டினதும் போன்ல வந்துச்சு. 'எங்க வல்லரசு செத்துட்டாரு'னு. அப்பா அப்படி எழுத மாட்டாரு. எவனோ பேஜைத் திருடிட்டான்னு நினைச்சேன். கீழ 'பொய்'னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன்.

— நீயா?

— அமுக்கின கொஞ்ச நேரத்துல சிவப்புல வந்துடுச்சும்மா, பொய்ச் செய்தின்னு. அவ்வளவு பெரிய கம்பெனி பாத்துட்டு சொல்றான், பொய்தான்னு இருந்தேன். போளூர்ல எறங்கி அப்பாவுக்கு வேர்க்கடலை கூட வாங்கினேன். ஆட்டோ திரும்பறப்போ பந்தலைப் பாத்துட்டுதான்...

— இங்க வா. பக்கத்துல உக்காரு.

— இப்போ மெசேஜ் அனுப்பியிருக்காங்க. புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களானு. ஆமாம்னு ஒண்ணு, இல்லைனு ஒண்ணு. எதைம்மா அமுக்கறது?

— இல்லைனு அமுக்கு. நாலு மணி வரைக்குமாவது அது பொய்யாவே இருக்கட்டும்.