பச்சை விளக்கு வரும்வரை

பெயரும் தந்தை பெயரும் இத்தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்து நான்கு. பட்டதாரி. மணமாகவில்லை. இன்று காலைவரை முகவரி: இரண்டாம் மாடி, பின்பக்க அறை. கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் சுவர் விரிசல்களைப் படம்பிடித்துக் கொடுக்கும் வேலை. விசாரித்ததன்பேரில் சொல்வதாவது:

சென்ற மாதம் என் கேமரா பேட்டரியின் சார்ஜர் பழுதானதால், எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடும் கேமரா கடைக்காரரிடம் சென்றேன். அவர் இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தார். ஒன்று விலை குறைவு. கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது, பின்புறம் எழுத்தே இல்லை. மற்றதன் பின்புறத்தைப் படித்து, வோல்ட் அளவு என் பேட்டரிக்குப் பொருந்துமா, பாதுகாப்பு முத்திரை உண்மையானதா, பேட்டரி நிறைந்ததும் தானாக நிற்குமா என்று கேட்டேன். "மாப்பிள்ளை பாக்குறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கக்கா" என்றார். அதன்பிறகு அதையே வாங்கினேன். உத்தரவாதத்துக்காக அதன்மேல் தன் கடைக் குறியை ஊசியால் கீறிக் கொடுத்தார். "புதுசுக்கா. சார்ஜ் ஏறும்போது தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க, பக்கத்துலயே இருங்க" என்றும் சொன்னார்.

அதன்படியே செய்து வந்தேன். மரமும் துணியும் படாமல் வெறுந்தரையில் வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை இருப்பேன். சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்வேன். பச்சையான பிறகும் சற்று நேரம் இருந்ததுண்டு.

நேற்று மாலை வேலை முடிந்து திரும்பியபோது என் அறையில் தீப்பிடித்து, பக்கத்து அறைக்காரர்கள் மணல் கொட்டி அணைத்திருந்தார்கள். சுவர் பிளக்கில் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. அது கடைக்காரர் விற்ற சார்ஜர் என்று வீட்டுக்கார அம்மா புகார் கொடுத்ததால் போலீசார் அவரை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அதன்பிறகு வீட்டுக்கார அம்மா என்னைப் படிக்கட்டின் கீழே கூட்டிப்போய், "வயரிங்கைக் கிளறினா வீடு முழுக்க மாத்தணும்பாங்க. சார்ஜர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. தனிக்கட்டைக்கு இந்த வயசுல வேற யாரு ரூம் குடுப்பா?" என்றார்.

உருகியது சார்ஜர் அல்ல. அது ஒரு சிறிய விளக்கு. வேலைக்குப் போகும்போது அதை எரியவிட்டுச் செல்வேன். காரணம் கேட்டார்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அறை இருட்டாக இருக்கக் கூடாது என்பதற்காக. அந்த பிளக் ஆடுகிறது, பொறி வருகிறது என்று முன்பே வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "நீ ஆட்டாம இருந்தா அது ஏன் ஆடப்போகுது" என்றார்.

சார்ஜர் என் கைப்பையில் இருந்தது. நான் இல்லாத அறையில் அதை விட்டுச்செல்வதில்லை. அதை இப்போது மேசைமேல் வைத்தேன். கீறிய குறி தன்னுடையதே என்று கடைக்காரர் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கு முடியும்வரை சார்ஜர் இங்கேயே இருக்கும் என்றார்கள். அதில் மாட்டியிருந்த பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சம்மன் எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார்கள். சார்ஜர்தான் என்று சொல்ல மாட்டேன் என்றதால், இன்று காலை வீட்டுக்கார அம்மா அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். உறவினர் முகவரி ஏதாவது என்று கேட்டார்கள். சற்று யோசித்து, அலுவலக முகவரியைச் சொன்னேன்.

எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)