ஐந்தாவது வண்டியின் ஃபில்டர்

— அறுக்கட்டுமா, வேண்டாமா மாப்பிள்ளை? வண்டியைத் தூக்கி நிறுத்தி அரைமணி நேரமாச்சு.

— இருங்க மச்சான். அந்த ஃபில்டருக்குள்ள என்னதான் இருக்கு?

— தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி. இன்ஜின் கக்குற கரியைப் பிடிச்சு வச்சுக்கும். வண்டி நல்லா ஓடிச் சூடேறினா அந்தக் கரி தானா எரிஞ்சுடும். உன் வண்டி எங்க ஓடுது? கேட்டுக்கும் கிடங்குக்கும் நடுவுல ஊருது. கரி அடைச்சு மூச்சு முட்டி நிக்குது. விஷயம் அவ்வளவுதான்.

— மெயின் ரோட்டுல கொஞ்ச நேரம் விரட்டினா?

— போன மாசம் விரட்டியிருக்கணும். இப்ப முத்திப்போச்சு.

— போன மாசமே கேட்டேன். முதலாளி விடல. வண்டி கேட்டைத் தாண்டினா அவர் போன்ல மணி அடிக்கும்.

— புதுசு மாட்டச் சொல்லு.

— சொன்னேன். சாயந்திரத்துக்குள்ள அறுத்துட்டு வா, இல்லேன்னா சாவியை மேஜையில வச்சுட்டுப் போன்னாரு.

— அப்புறம் என்ன யோசனை? உங்க கிடங்குல மத்த நாலு வண்டிக்கும் நான்தான் அறுத்தேன். உள்ள இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துட்டு வெறும் டப்பாவைத் திரும்பப் பத்தவச்சுடுவேன். சோதனை பண்றவன் கீழ படுத்துப் பார்த்தாலும் தெரியாது.

— அதில்ல மச்சான். அது பிடிச்ச கரி இனிமே எங்க போகும்?

— எங்க போகும், காத்துல போகும்.

— காத்து எங்க இருக்கு? எங்களது குளிர்பதனக் கிடங்கு, குளிர் போயிடும்னு கதவைப் பாதி சாத்தியே வச்சிருக்கோம். ரிவர்ஸ்ல உள்ள விடுவேன். இன்ஜினை அணைச்சா வண்டியில குளிர் நின்னுடும். சரக்கு ஏத்தி முடியற வரைக்கும் உறுமிக்கிட்டே நிக்கும்.

— புகை பின்னாடி போகுது, நீ முன்னாடி உட்கார்ந்திருக்கே. ஊரார் பாரத்தை நீ ஏன் தலையில தூக்கி வச்சுக்கிறே?

— பின்னாடி நின்னு பெட்டி தூக்குறவ, காலையில வாய் கொப்பளிச்சா தொட்டியெல்லாம் கறுப்பு.

— யாரு?

— உங்க தங்கச்சி.

— அவ மாடி ஆபீஸ்லதானே இருக்கா?

— ஆபீஸ்ல ஆளைக் குறைச்சு எட்டு மாசமாச்சு.

— வண்டியை இறக்குறேன். எடுத்துட்டுப் போ.

— எங்க போக? எங்க ரெண்டு பேர் பொழப்பும் அந்த ஒரே கேட்டுக்குள்ளதான் இருக்கு.

— வேற ஆளைப் பாரு. என் கையால முடியாது.

— அவதான் மச்சான் அனுப்பினா. அண்ணன் அறுத்தாத்தான் வெளிய தெரியாது, அண்ணன்கிட்டயே போங்க, நான் எங்க நிக்கிறேன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, சொன்னா அறுக்க மாட்டாருன்னா.