மானேஜர் வீட்டுச் சுவரில் ஒரு பிரபு

எழுபதுகளில் பஹ்ரைனில் இருந்தபோது, ஒருநாள் குதைபியாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வேலை போயிருந்தது, டாக்ஸிக்குக் காசில்லை. எனக்கு முன்னால் ஒரு தமிழ் என்ஜினீயரும் அவர் மனைவியும் நின்றார்கள்.

"நாடகக்காரி காலடியில ஒரு பிரபு கிரீடத்தை வச்சிட்டு முட்டி போட்டா, அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள் அந்த அம்மாள்.

"அது மானேஜர் வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற கேலிப்படம். விக்டோரியா ராணி காலத்துது. வெள்ளைக்காரர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். டூட்டியில அதுதானே வழக்கம்?"

"அது டூட்டி இல்ல, விருந்து. அந்தப் பிரபு நீங்க, நாடகக்காரி நான். மிராசுதார் அப்பாவையே எதிர்த்துக்கிட்டு என்னைக் கட்டினவரு, அங்க நின்னு பல்லைக் காட்டுறீங்க."

"மெதுவாப் பேசு. இங்க எல்லார்கிட்டயும் நீ டீச்சரா இருந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அது இன்னியோட கலாஸ். வெள்ளிக்கிழமை தமிழ்ச் சங்க நாடகத்துல நடிக்க ஒத்துக்கிட்டேன். நான் நடிக்கிற மாதிரி எந்த டீச்சராலயும் நடிக்க முடியாது. தன்னால தெரிஞ்சிடும்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் வந்தது. எனக்குப் பின்னால் நின்ற மளிகைக்கடை பாய் அவருக்கு சலாம் வைத்தார். அவர் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாய், வெள்ளிக்கிழமை நாடகத்துக்குக் குடும்பத்தோட வந்துடுங்க. இவ நடிக்கிறா. கல்யாணத்துக்கு முன்னாடி நாடகக் கம்பெனியில இருந்தவ."

"சும்மா இருந்தவ இல்ல பாய்," என்றாள் அந்த அம்மாள், பஸ்ஸில் ஏறிக்கொண்டே. "கதாநாயகி."