இரண்டிரண்டாகக் கொடுத்த மாத்திரை

பெயர் கலைப்பிரியா, வயது 36, த/பெ துரைக்கண்ணு, மயிலம் சாலை, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் வட்டம். மருந்துகள் ஆய்வாளர் முன்பு நானாகவே வந்து சொல்வதாவது:

நான் கூட்டுரோட்டில் சீனுவாசன் என்பவரின் மெடிக்கலில் ஒன்பது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. கடந்த தை மாதம் மயிலத்தைச் சேர்ந்த குமரேசன், வயது 41, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அடிக்கும் மெஷினில் கால் கிழிபட்டு எங்கள் கடைக்கு வந்தார். மனைவி இறந்து, அக்கா பாஞ்சாலி வீட்டில் இருப்பவர். மருத்துவர் சீட்டு இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "வேல கெட்டுப்பூடுங்க, ரெண்டு மாத்திர குடுங்க, தேவைன்னா நாளைக்கு வர்றேன்" என்றார். இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தேன்.

அதன் பின்னர் அவர் மறுநாளும் வந்தார். ஐந்து நாளைக்கு விடாமல் சாப்பிட வேண்டும், அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பது எனக்குத் தெரியும். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அவர் வரமாட்டார் என்றும் நினைத்தேன். ஆகவே இரண்டிரண்டாகவே கொடுத்தேன். அவர் வரும் ஐந்தரை மணி பஸ் நேரத்தில் டீ குடிக்கப் போவதை நிறுத்தினேன். சில நாள் அவர் வரவில்லை. வந்தபோது ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. புண் ஆறாததால் வேறு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தேன். இப்படி ஆறு வாரம் போனது. சீனுவாசனுக்கு இது தெரியாது.

அதன் பின்னர் பதினோரு நாள் அவர் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பாஞ்சாலி வந்து, தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகவும், சீழைப் பரிசோதித்ததில் எந்த மருந்தும் கேட்காது, ஒன்றே ஒன்றுதான் கேட்கும் என்று வந்ததாகவும், அதற்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். என் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஒரு ஊசி மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

நேற்று ஞாயிறு மதியம் நான் வார்டுக்குப் போனேன். தாங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, மாத்திரை புதுச்சேரியில் வாங்கியதாகக் குமரேசன் தங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பது அங்கேதான் தெரிந்தது. அது பொய். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றதற்கு, "உங்கள மாட்டி வுட்டுட்டு நான் எங்கங்க வர்றது?" என்றார். நீங்கள் வரவேண்டும் என்றுதான் இரண்டிரண்டாகக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "மாத்திரைக்கா நான் அவ்ளோ தூரம் வந்துக்கினு இருந்தேன்?" என்று கேட்டார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்)
து. கலைப்பிரியா