டிரெய்லரில் ஏறாத வண்டி

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியோர்களே, செஞ்சி மோட்டார் மன்றத்துத் தோழர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை சாமுண்டீஸ்வரி அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் கடைவீதி மக்களே! மன்றத்தின் துணைத் தலைவி, டிரைவிங் ஸ்கூல் தனகோட்டி வணங்குகிறேன்.

நம் தலைவர் சிவசங்கர் போய்விட்டார்! பாத்திரக்கடை சிவசங்கர் போய்விட்டார், ரேஸ் கார் சிவசங்கர் போய்விட்டார்! இந்த மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். 'போதும், எறங்குப்பா' என்று நான் கீழேயிருந்து கை காட்டுவேன். இன்று எனக்குக் கை காட்ட அவர் இல்லை.

ஊர் என்ன பேசுகிறது? வேகமாகப் போனான், செத்தான் என்கிறது. இன்னொரு பக்கம், மெக்கானிக் விமல்ராஜ் பிரேக்கைச் சரியாக மாட்டவில்லை என்கிறது. அவர்மீது புகார் எழுதிக் கொடுக்கச் சொல்லி, துக்க வீட்டுக்கே வந்து சாமுண்டீஸ்வரியை நச்சரிக்கிறார்கள். விமல்ராஜ் விபத்து நடந்த அன்றைக்கு இறக்கிய பட்டறை ஷட்டரை இன்னும் ஏற்றவில்லை. இப்படி ஒரு பழி நடமாடும்போது, நான் பாராட்டிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட முடியுமா?

சிவசங்கர் கடைக்குப் போவதும் அந்தக் காரில்தான், சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் விரட்டுவதும் அதே காரில்தான். என்ஜின் பலத்தைக் கூட்டியதும், முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக் போடாமல் ட்ராக்கில் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நம் பையன்கள், சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் படங்களைப் போனில் காட்டினார்கள். "அண்ணே, இந்தச் செவப்பு கேலிப்பர் செமயா இருக்குதுண்ணே" என்றார்கள்.

"செவப்பா இருந்தா வண்டி நின்னுடுமாடா?" என்று எகிறினார் மனுஷன். "பிரேக் அடிச்சா பாரம் மொத்தமும் முன்னாடி வந்து குந்துது. டிஸ்க்கு பெருசா இருக்கணும், சூடு தாங்கணும், வீலுக்குள்ள இடிக்காம உக்காரணும். கலரப் பாக்கறானுங்க கலரு!"

அட்டைப் பெட்டியைக் கிழித்து, கேலிப்பர் அளவுக்கு வெட்டி, வீலுக்குள் வைத்துப் பார்த்தார். எத்தனையோ வெட்டினார். பாத்திரக்கடையில் கால் வைக்க இடமில்லாமல் அட்டைத் துண்டு கிடந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த பிரேக் ஐயா அது!

கேலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை உரசி நிறுத்துகிற கட்டை, அந்தப் பேடு மட்டும் இரண்டு செட் வாங்கினார். ரோட்டுக்கு ஒன்று, ட்ராக்குக்கு ஒன்று. ட்ராக் பேடு சூடேறினால்தான் கெட்டியாகப் பிடிக்கும்; ஆறிக் கிடந்தால் சரியாகப் பிடிக்காது. அதனால் மன்றத்துக்கு ஒரு சட்டமும் போட்டார். ட்ராக் பேடு மாட்டிய வண்டி ரோட்டில் உருளக் கூடாது, டிரெய்லரில் ஏறித்தான் போக வேண்டும். போட்டவர் யார்? அவர்தான்! மீறியவர் யார்? அதுவும் அவர்தான். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அன்றைக்கு அமாவாசை. மறுநாள் ட்ராக்குக்குப் போக வேண்டும் என்று, புது பிரேக்கோடு ட்ராக் பேடும் மாட்டி முடித்தாயிற்று. டிரெய்லர் பட்டறை வாசலில் நிற்கிறது. புதுசாக எது வாங்கினாலும் மேல்மலையனூர் அம்மனிடம் காட்டாமல் நாம் தொடுவோமா? அவரும் கிளம்பினார். நடந்ததை உடன் இருந்த சாமுண்டீஸ்வரி என்னிடம் சொன்னாள்.

விமல்ராஜ் குறுக்கே நின்றிருக்கிறார். "அண்ணே, ட்ராக் பேடுண்ணே. டிரெய்லர்ல ஏத்திக்கலாம்ணே. இல்ல, கழட்டி ரோட்டுப் பேடு போட்டுத் தரேன், செத்த இருங்க."

"மாட்டி எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, இப்பப் போயி வீல கழட்டுவியா? டிரெய்லராம்! வண்டி மேல வண்டிய ஏத்திக்கினு சாமி முன்னாடி போயி நிக்கச் சொல்றியா? அம்மா சிரிக்கமாட்டா? போற வழியில ரெண்டு மிதி மிதிச்சி சூடு பண்ணிக்கறேன், வுடு."

அவர் சொன்னதில் நம்மில் யாருக்காவது தப்புத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது! ஆமாம்ப்பா, சாமிகிட்ட போற வண்டி சொந்தக் கால்லதான் போவணும் என்று நாமும்தான் தலையாட்டியிருப்போம்.

ட்ராக்குக்காகப் பக்கத்து சீட்டைக் கழட்டியிருந்ததால், சாமுண்டீஸ்வரி பூஜைத் தட்டோடு விமல்ராஜ் வண்டியில் பின்னால் போனாள். செஞ்சியைத் தாண்டியதிலிருந்து சாலை நெடுகக் கூட்டம். சூடு பண்ண இடமேது? ஊர்ந்து ஊர்ந்துதான் போயிருக்கிறார். கூட்டம் விலகிய இடத்தில் கொஞ்சம் முடுக்கினார். வளைவுக்கு அந்தப் பக்கம் ஸ்பெஷல் பஸ் நின்று ஜனங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மிதித்தார். பெடல் கல்லாக நின்றது, ஆறிக் கிடந்த பேடு பிடிக்கவில்லை, வண்டி நிற்கவில்லை.

ஸ்டியரிங்கைப் புளியமரத்துப் பக்கம் ஒடித்தார் ஐயா! ஜனங்கள் பக்கம் ஒடிக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு ரோட்டில் நின்ற ஒரு பெண் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். சாமுண்டீஸ்வரி கழுத்தில் தாலிக்கயிற்றோடு பின்னாலேயே வந்து அத்தனையையும் பார்த்தாள். கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தது யார்? நீங்கள் பழி போடுகிற விமல்ராஜ்!

நண்பர்களே, அழுதுவிட்டுக் கலைந்து போவதற்கு நான் உங்களைக் கூப்பிடவில்லை. தலைவர் போட்ட சட்டத்தை இனி நாம் காப்போம். ட்ராக் பேடு மாட்டிய வண்டி சாமிகிட்ட போனாலும் டிரெய்லரில்தான் போகும். ரோட்டில் ஓட்டிப் போவதானால், ரோட்டுப் பேடுக்கு மாற்றிய பிறகுதான் எலுமிச்சம்பழம் வைப்போம். அம்மன் கோபித்துக்கொண்டால் தனகோட்டியிடம் கோபித்துக்கொள்ளட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அழைப்பிதழில் படத்திறப்பு என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நான் திறக்கப் போவதில்லை. சாமுண்டீஸ்வரியின் விருப்பம் வேறு. காலையிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள்.

விமல்ராஜ், அங்கே செருப்பு விடுகிற இடத்தில் ஏன் நிற்கிறாய்? வாப்பா மேலே. வழி விடுங்கள். வந்து உங்கள் அண்ணன் படத்தைத் திற. பார், சாமுண்டீஸ்வரி எழுந்து நிற்கிறாள். நீ வராமல் அவள் உட்காரமாட்டாள்.