யார் மேல் யார் மோதியது?

ஷ்ருதி: பால்கனிக் கதவைச் சாத்தாதீங்கோ, சாய்நாத். உள்ள ரெண்டாத்து மனுஷா காதும் இங்கதான் இருக்கு.

சாய்நாத்: பொண்ணோட தனியா பேச பத்து நிமிஷம் குடுத்திருக்கா. மூணு போயாச்சு. ஜெனிவால ஒரு வருஷம் அப்படி என்ன பண்ணப் போறேள்?

ஷ்ருதி: புரோட்டானை மோத விட்டு, என்ன பொறக்கறதுன்னு பாக்கப் போறேன். இதைச் சொன்னதும் ரெண்டு மாப்பிள்ளை காபியைக்கூட முடிக்காம எழுந்து போயிட்டா.

சாய்நாத்: நான் இன்னொரு காபி கேக்கலாம்னு இருக்கேன். மேல சொல்லுங்கோ.

ஷ்ருதி: கேரம்ல, நிக்கற காயை ஸ்ட்ரைக்கர் வந்து இடிச்சா...

சாய்நாத்: ரெண்டும் அந்தப் பக்கமே ஓடும்.

ஷ்ருதி: வந்த மொமெண்டம் எங்கயும் போகாதே, ஓடித்தானே ஆகணும். புரோட்டானும் அப்படித்தான். நிக்கற ஒண்ணை இடிச்சா எனர்ஜில முக்காவாசி அந்த ஓட்டத்துக்கே சரி. ஆனா ரெண்டும் எதிரெதிரா ஒரே வேகத்துல வந்தா...

சாய்நாத்: டமால்.

ஷ்ருதி: மொத்த மொமெண்டம் ஜீரோ. அத்தனை எனர்ஜியும் புதுசா ஒண்ணு பொறக்கறதுக்கு.

சாய்நாத்: அரே, ஒரு டவுட். தாதர்லேருந்து லோக்கல் ட்ரெயின்ல வந்தா, மாட்டுங்கா ஸ்டேஷன்தான் என் மேல ஓடி வரது. அப்போ யார் நின்னா, யார் மோதினா?

ஷ்ருதி: அது பாக்கறவா எடத்தைப் பொறுத்தது. என்ன பொறந்ததோ, அது மட்டும் எங்கேருந்து பாத்தாலும் மாறாது... சாய்நாத், ஜெனிவாவை என்னால விட முடியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ. கஷ்டமாத்தான் இருக்கும்.

சாய்நாத்: நான் இங்கயே நின்னுண்டு நீங்க மட்டும் வந்து வந்து போனா, முக்காவாசி எனர்ஜி ஃப்ளைட்டுக்கே போயிடுமே. ஆபீஸ்ல ஒரு வருஷம் லீவ் கேட்டாச்சு. நானும் வரேன்.

ஷ்ருதி: கேட்டாச்சா... எப்போ? இன்னிக்குத்தானே என்னைப் பாக்கறேள்?

சாய்நாத்: கோவிச்சுக்கக் கூடாது. டிசம்பர்ல செம்பூர் லைப்ரரி கூட்டத்துல இதையெல்லாம் பேசினேளே... ஜெனிவா உள்பட. கடைசி வரிசைல நான் இருந்தேன்.

ஷ்ருதி: ஓஹோ.

சாய்நாத்: அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு மாசம் முழிச்சேன். நல்ல வேளை, தரகர் மாமா தானாவே உங்க ஜாதகத்தைக் கொண்டு வந்தார்.

ஷ்ருதி: தானாவே ஒண்ணும் வரலை. கடைசி வரிசைல உங்களை நானும் கவனிச்சேன்; நீங்க கையெழுத்துப் போட்ட லைப்ரரி ரிஜிஸ்டர்ல உங்க பேரையும் அட்ரஸையும் பாத்து, அவரை அனுப்பினதே நான்தான்.